கெடாத கீழ்ப்பற்கள்

பல் டாக்டர் நஸ்ரீன் இறந்துவிட்டார் என்று அவருடைய கிளினிக் உதவியாளர் ஜமீலா காலையில் போன் செய்தார். மாரடைப்பு. வயது நாற்பத்தொன்று. "மதியத் தொழுகை முடிஞ்சதும் அடக்கம். வந்துடு." போனேன். ஆம்பூரில் அவர் வீட்டுத் தெரு முழுக்கக் கைக்குழந்தையோடு பெண்கள்.

அவரை அறிந்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். அவருடைய கனிவைப் பற்றி உங்களுக்கே தெரியும். நான் சொல்லப்போவது ஒரு பிற்பகலை.

ஒரு ஷூ கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறேன். அம்மாக்கள் தையல் லைனில். பிள்ளைகள் என்னிடம். மூன்று வருடங்களுக்கு முன் பல பிள்ளைகளின் முன்பற்கள் பழுப்பாகி, விளிம்பில் உதிரத் தொடங்கின. காரணம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது: தோல் பதனிடும் ஷாப்களின் கழிவு கலந்த தண்ணீர். இங்கே முடி கொட்டினாலும் அதுதான், பருப்பு வேகாவிட்டாலும் அதுதான். நல்ல தண்ணீர் கேட்டு மனு எழுதினேன். அம்மாக்கள் கையெழுத்துப் போட்டார்கள். பல் டாக்டரும் போட்டால் பலம் என்று நஸ்ரீனை அழைத்தேன்.

படித்தார். கையெழுத்திடவில்லை. தரையில் சம்மணமிட்டு ஒவ்வொரு வாயாகப் பார்த்தார். பிறகு, லைனில் வேலை செய்யும் ரேவதியின் மகள் கீர்த்தனாவின் கீழுதட்டைத் தாழ்த்தி என்னைக் கூப்பிட்டார்.

"மேல நாலும் போச்சு. கீழ பாரு, அரிசி மாதிரி இருக்கு. தண்ணிதான் கெடுத்ததுன்னா கீழ்ப்பல்ல மட்டும் இன்னாத்துக்கு விட்டு வெச்சுது?"

குனிந்து பார்த்தேன்.

குழந்தையிடம் நாக்கைத் தூக்கச் சொன்னார். அடியில் ஈரம் மின்னியது.

"எச்சில் ஊறி வர்ற இடம். கீழ்ப்பல்லு அதுலயே நனைஞ்சு நிக்குது. சர்க்கரைய கழுவுது, புளிப்ப அடக்குது, பல்லுல கரைஞ்சத திருப்பிக் குடுக்குது. நாமதான் எச்சில்னா மூஞ்ச சுளிக்கிறோம். வாய்க்கு அதான் வாட்ச்மேன்."

"அப்ப மேல்பல்லு?"

"அங்க எச்சில் கம்மி. தூங்குறப்ப இன்னும் கம்மி. வாட்ச்மேன் சேர்ல சாஞ்சுட்டான். கரெக்டா அந்த நேரத்துல யாரோ இனிப்ப உள்ள விடுறாங்க. யாரு?"

நான்.

மதியம் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் தூங்க வேண்டும். சர்க்கரை போட்ட பால், பாட்டிலில். பாட்டில் வாயில் இருக்கும்போதே தூங்கிவிடுவார்கள். என் அறை சத்தமே இல்லாத அறை என்று மேலாளர் பாராட்டியிருக்கிறார்.

சொன்னேன். அவர் திட்டவில்லை. "கையெழுத்துப் போட்டவங்கள ஷிஃப்ட் முடிஞ்சதும் கூப்பிடு" என்றார்.

"நீங்களே சொல்லிடுங்க டாக்டர். எனக்கு வேலை போய்டும்."

"நான் சொன்னா கேட்டுட்டு மறந்துடுவாங்க. நீ சொல்லு. பக்கத்துல நிக்கிறேன். தண்ணிக்கு வேற மனு எழுதலாம். பொய் இல்லாம."

மாலையில் சொன்னேன். ரேவதிதான் முன்னால் வந்தாள்.

"நாங்க தண்ணிய திட்டிக்கினு இருந்தோம். நீயும் கூடவே நின்னு திட்டின. எம் பொண்ண இனிமே உங்கிட்ட உட மாட்டேன்."

டாக்டர் குறுக்கிடவில்லை. எனக்காகப் பரிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. நின்றார். எல்லோரும் பேசி ஓய்ந்ததும் ஒன்று கேட்டார்: "வீட்ல யாரெல்லாம் பாட்டிலோட தூங்க வெக்கிறீங்க?"

கைகள் மெல்ல உயர்ந்தன. ரேவதியின் கை கடைசியாக.

மறுநாளிலிருந்து பால் டம்ளரில். சர்க்கரை இல்லை. குடித்த பின் இரண்டு மிடறு தண்ணீர், அப்புறம்தான் பாய். முதல் வாரம் ஒரே அழுகை. மேலாளர் இருமுறை எட்டிப் பார்த்தார். காரணம் சொன்னேன், போய்விட்டார். நான்காம் நாள் ரேவதி மகளைக் கொண்டுவந்து விட்டாள். "டம்ளர்ல குடிக்கத் தெரியாது. கத்துக் குடு" என்றாள். அவ்வளவுதான். அதன்பின் சேர்ந்த பிள்ளைகள் வாய் திறந்து சிரித்தால் மேலும் கீழும் வெள்ளை. தண்ணீருக்கான மனுவும் போனது. அதில் டாக்டரின் கையெழுத்துதான் முதல்.

போன மாதம், உடன் வேலை செய்யும் செல்வி, அழுத பிள்ளைக்குத் தேன் தொட்ட ரப்பர் நிப்பிளைச் சப்பக் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டாள். "அம்மாகாரிகிட்ட நீயே சொல்லிடுக்கா" என்று கெஞ்சினாள். நான் சொல்லவில்லை. அவள் சொன்னாள். வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

பேசாமல் பக்கத்தில் நின்றேன். டாக்டர் நஸ்ரீனிடமிருந்து நான் வைத்திருப்பது அது.