பதினைந்து நாள் லெட்டர்

போன வாரம் திங்கட்கிழமை எங்கள் பட்டறைக்கு ஒரு இஞ்சினியர் மூச்சிரைக்க ஓடி வந்தான். முழு இஞ்சினியர் இல்லை... கடைசி வருஷம்.

பட்டறை என்றால் அம்பத்தூர் எஸ்டேட்டில் மூன்று லேத் மெஷின் உள்ள ஒரு ஷெட். இரண்டு மாதமாக அங்கே லோடு ஏற்றி இறக்குகிறேன். இது என் எத்தனையாவது வேலை என்று கேட்காதீர்கள். பழைய வாசகர்களே எண்ணுவதை நிறுத்திவிட்டார்கள்.

வந்தவன் பெயர் தினேஷ். வேலப்பன்சாவடி பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் படிக்கிறான். ஆவடி குவார்ட்டர்ஸில் வீடு. ஒரு மாதம் முன்பு வந்து, 'பதினைந்து நாள் இன்டர்ன்ஷிப் செய்தார்' என்ற லெட்டரில் முதலாளியிடம் சீல் வாங்கிப் போனவன். அன்று அவன் பட்டறையில் இருந்தது ஒரு டீ குடிக்கும் நேரம். டீயும் நான்தான் வாங்கி வந்தேன்.

எல்லாரும் செய்வதுதானே? லெட்டர் பைலுக்குப் போகும். பைல் பீரோவுக்குப் போகும். இந்த லெட்டர் இன்டர்வியூவுக்குப் போய்விட்டது.

"வெள்ளிக்கிழமை இன்டர்வியூ சார். இன்டர்ன்ஷிப் போனவங்கள மட்டும் கம்பெனிக்குள்ள கூட்டிட்டுப் போய், மெஷின் முன்னாடி நிக்க வச்சு கேப்பாங்களாம். எங்க டிபார்ட்மென்டுக்கு வர்ற ஒரே கம்பெனி சார்..."

லெட்டர் இல்லாதவர்களுக்கு? வெறும் எழுத்துத் தேர்வு. அதில் இவன் சுலபமாகத் தேறியிருப்பான்.

முதலாளி மேஜையில் இருந்த சீலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "செல்விகிட்ட போய் நில்லுப்பா" என்றார்.

செல்வி எங்கள் லேத் ஆபரேட்டர். ஐடிஐ முடித்தவள். தினேஷைவிட ஒரு வயது சின்னவள்.

"இன்னா இஞ்சினியரு, பதினஞ்சு நாளு இங்கதான் வேல செஞ்சியாமே? என் கண்ணுலயே படலியே?"

"சாரி மேடம்."

"மேடம் கீடம்லாம் வாணாம். வாட்ச கழட்டு. கைய மடிச்சி வுடு, மெஷின் இழுத்துக்கும்."

முதல் நாள் மெஷினடியில் விழுந்த இரும்புச் சுருளை வெறுங்கையால் அள்ளி விரலைக் கிழித்துக்கொண்டான். இரண்டாம் நாள் மெஷினைத் தொட விட்டாள். கடைந்து எடுத்த புஷ்ஷை, அதாவது இரும்பு வளையத்தை, உடனே மைக்ரோமீட்டரில் அளந்தான். அளவு அச்சாக இருந்தது. ஆறு பீஸை வரிசையாக அடுக்கிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டீக்குப் போனான்.

திரும்பி வந்தபோது செல்வி அளந்துகொண்டிருந்தாள். ஆறுமே முடியளவு சின்னது. ஆறுமே ஸ்கிராப்.

"நான் கரெக்டாதான் அளந்தேன்!"

"சுடச்சுட அளந்த. ஆறுனா சுருங்காதா?"

வெப்பத்தால் உலோகம் விரிவது பற்றிப் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறானாம். படமும் போட்டானாம்.

"எழுதறப்ப கை சுட்டுச்சா?" என்றாள் செல்வி.

படிப்பு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் அப்படிச் சொன்னால் பொறாமை என்பீர்கள். இரும்பு ஏன் சுருங்குகிறது என்று எங்களுக்கு விளக்கியது தினேஷ்தான். நன்றாகவே விளக்கினான் — ஆறு பீஸ் போன பிறகு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நேராகப் பட்டறைக்கு வந்து நடந்ததைச் சொன்னான். அப்போதுதான் கடைந்த ஒரு பீஸை நீட்டி அளவு கேட்டிருக்கிறார்கள். இவன் அதை மேஜைமேல் வைத்துவிட்டுச் சும்மா நின்றிருக்கிறான்.

"என்னப்பா, அளக்கத் தெரியாதா?"

"சூடு ஆறட்டும் சார்."

கூட வந்த பையன்கள் சிரித்தார்களாம். கேட்ட அதிகாரி சிரிக்கவில்லை. "பதினஞ்சு நாள்ல கத்துக்கிட்டதா?" என்றாராம்.

அங்கே தலையை ஆட்டியிருக்கலாம். நானாக இருந்தால் ஆட்டியிருப்பேன்.

"நாலு நாள் சார். லெட்டர்லதான் பதினஞ்சு."

செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். "கேட்டாங்களா உன்ன? வாய மூடிகினு இருக்க வேண்டியதுதானே!"

"அடுத்த கேள்வி அஞ்சாவது நாள் பாடத்துல இருந்து வந்தா என்ன பண்றது?" என்றான் தினேஷ்.

வேலை கிடைத்ததா? லிஸ்ட் இன்னும் வரவில்லை.

இந்தத் திங்கள் காலை ஷட்டரைத் தூக்கினால் வாசலில் நிற்கிறான். கையில் வாட்ச் இல்லை.

"இன்னாபா, அதான் இன்டர்வியூ முடிஞ்சிடுச்சே?" என்றார் முதலாளி.

"இன்னும் பதினோரு நாள் பாக்கி கீது சார்."

என்னிடம் எந்தச் சான்றிதழும் கிடையாது. நல்லவேளை... பாக்கியும் கிடையாது.