மூக்கக்காவும் ஒரு கிண்ணம் பொடியும்

மருத்துவமனை சலவைக்கூடத்தில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள் அவள். கல்யாணம் ஆகவில்லை, தம்பி வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தாள். சம்பளம் அப்படியே தம்பி கைக்குப் போய்விடும். அவளுக்கென்று இருந்தது மொட்டை மாடியில் உடைந்த வாளிகளில் வளர்ந்த புதினா, ஓமவல்லி, எலுமிச்சைப்புல், கொத்தமல்லி.

விடிந்து பனி உலர்ந்த பிறகுதான் இலை பறிப்பாள். மாடிப்படிக்கு அடியில், வெயில் படாத இடத்தில், கொத்துக் கொத்தாகத் தலைகீழாகத் தொங்கவிடுவாள். காம்பு படக்கென்று ஒடிந்தாலும் அவளுக்குப் போதாது. முகர்ந்து பார்த்து, "இன்னும் ரெண்டு நாள்" என்பாள். பிறகுதான் பொடித்து டப்பாவில் அடைப்பாள்; அவள் பொடி ஒருமுறைகூடப் பூசணம் பிடித்ததில்லை. கொத்தமல்லியைக் கல்லுப்போடு அடுக்கி ஜாடியில் அமுக்கி வைத்தால் வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்கும். தெருவில் அவளுக்கு மூக்கக்கா என்றே பெயர்.

ஒரு காய்ச்சல் வந்து ஒன்பது நாள் படுத்தாள். எழுந்து மாடிக்குப் போய்ப் புதினாவைக் கசக்கி முகர்ந்தாள். ஒன்றுமில்லை. ஓமவல்லி, அதுவும் இல்லை. அடுப்பில் பால் தீய்ந்துகொண்டிருந்ததையும் புகையைக் கண்ட பிறகுதான் அறிந்தாள்.

தம்பியிடம் மட்டும் சொன்னாள். "யார்கிட்டயும் சொல்லாதடா. கொஞ்ச நாள்ல சரியாயிடும்."

அவன் தலையாட்டினான். அன்று சாப்பிடும்போதே பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டான். அவள் நல்ல நாள் பார்த்துக் காத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பியின் அலுவலக நண்பர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் தம்பி பெண்டாட்டி சின்னக் கிண்ணத்தில் பொடியொன்றைக் கொண்டுவந்தாள். எங்க அண்ணி மூக்கைப் பற்றிச் சொன்னேனே, இப்போது பாருங்கள் என்று எல்லோரையும் கூப்பிட்டாள்.

மூக்கக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கண்ணை மூடி, பழையபடி நிதானமாக முகர்ந்தாள். நிறத்தைத்தான் முன்பே பார்த்து வைத்திருந்தாள்.

"ஓமவல்லி. போன மாசத்துது."

"செருப்பு விடற இடத்துல கூட்டி அள்ளின குப்பை, அண்ணி."

சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. தம்பியும் சிரித்தான்.

அதன் பிறகு தம்பி மகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. சோப்பு, அழுக்குக் காலுறை என்று எதையாவது அத்தையின் மூக்கருகே நீட்டி, என்னவென்று கேட்பாள். யாரும் அதட்டவில்லை. பொடி எது கெட்டது எது நல்லது என்று அவளுக்கே தெரியாதாம் என்ற பேச்சு தெருவுக்குப் போனது. வழக்கமாக இலையும் பொடியும் கேட்டு வருகிற தெருக்காரர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். கடைசியில் ஒருநாள் வேலையிலிருந்து திரும்பியபோது வாளிகள் இருந்த இடத்தில் துணிக்கொடி கட்டியிருந்தது. செடிகள் குப்பை வண்டியில் போய்விட்டிருந்தன.

"ஓமவல்லியையாவது விட்டிருக்கலாமேம்மா."

"உங்களுக்கு எதுக்கு அண்ணி? வாசனையா தெரியப்போகுது?" என்றாள் தம்பி பெண்டாட்டி, துணியை உதறிக்கொண்டே.

மூக்கக்கா அந்த மாதமே மருத்துவமனைக்குப் பின்னால் ஊழியர் விடுதியில் ஓர் அறை கேட்டு வாங்கிக்கொண்டாள். தம்பி ஒருமுறை வந்து கூப்பிட்டான். வீட்டில் ஒரு வேலையும் ஓடவில்லை என்றான். அவள் கதவைப் பாதிதான் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

அந்த அறையின் ஜன்னலில் நல்ல வெயில். உடன் வேலை செய்கிறவள் ஒரு புதினாக் கன்று கொண்டுவந்து நீட்டினாள்.

"நீயே வச்சுக்கோ. எனக்கு அது வெறும் புல்லு."