மல்லாட்டையில் வந்த பெருக்கல்

தலைமையாசிரியரே, என் மகளைக் கணக்கை வெறுக்க வைத்தது நீங்கள்தான். வகுப்பில் மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, வைத்துக் கூட்டிப் பார்த்தாள் என்று அதைப் பிடுங்கிக்கொண்டு, முட்டி போட வைத்தீர்கள். நேற்று அவள் பையைத் திறந்தேன். அவித்த மல்லாட்டை வாசனை அப்படியே இருந்தது. நான் படித்த திண்டிவனம் பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டேன்.

எண்பதுகளில் அங்கே மூன்றாம் வகுப்பு. வாய்ப்பாடு தப்பினால் பிரம்படி. அந்தப் பயத்தில், மதியம் சாப்பிட்டதும் என் சிநேகிதி செல்வி பாவாடையில் மல்லாட்டையைக் கொட்டிக்கொண்டு உட்காருவாள்.

"ரெண்டு கொட்டைக் காய் நாலு, மூணு கொட்டைக் காய் ரெண்டு. உடைக்காம சொல்லுடி, மொத்தம் எத்தினி கொட்டை?"

"பதினாலு!"

"அப்ப துன்னு."

தப்பாகச் சொன்னால் ஒவ்வொன்றாக உடைத்துக் காட்டி, அவளே தின்பாள். சிரித்துச் சிரித்தே எங்களுக்குப் பெருக்கல் வந்துவிட்டது.

ஒருநாள் சார் பார்த்துவிட்டார். "துன்னுக்கினு இன்னா படிப்பு?"

"கணக்குதான் சார். வேணும்னா கேட்டுப் பாருங்க" என்றாள் செல்வி.

கேட்டார். எல்லோரும் சரியாகச் சொன்னோம். அப்படியும் அவளை வெயிலில் நிற்க வைத்தார். மறுநாள் வகுப்பு மொத்தமும் மல்லாட்டையோடு அதே வெயிலில் போய் நின்றோம்.

இன்றைக்கு என் மகள், "கணக்கே வேணாம்மா" என்று அழுகிறாள். விழுப்புரத்தில் உங்கள் பள்ளியில் நடக்கப்போகும் பெற்றோர் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று பதில் சொல்லுங்கள். அவள் போட்ட கூட்டலில் எது தப்பு?