செட் ஆகாதவர்களின் செட்டு

'செட்' என்ற ஒரே சொல்லுக்கு அகராதியில் பக்கம் பக்கமாக அர்த்தம் இருப்பதாகக் கல்லூரியில் இங்கிலீஷ் மிஸ் சொன்னபோது நான் கொட்டாவி விட்டேன். அரியலூர்ப் பக்கத்து நெல் வயல்களிலிருந்து குன்னத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகுதான் தெரிந்தது, அந்த அகராதிக்காரர்கள் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று. தண்ணீர் இறைப்பது மோட்டார் செட். காதுகுத்துக்கு அலறுவது மைக் செட். பெண் பார்த்துப் பேசி முடித்தால் சம்பந்தம் செட் ஆகிவிட்டது. ஆனால் இங்கே ஒரு பெண்ணுக்கு முக்கியமான செட்டு வேறு. சேர்ந்து வெங்காயம் ஊன்றப் போகும் பெண்கள் கூட்டம் அது.

செட்டுக்குள் கூலி கிடையாது. இன்று எல்லோரும் உன் கொல்லைக்கு, நாளை எல்லோரும் என் கொல்லைக்கு. கொல்லை என்றால் இங்கே வீட்டுப் பின்புறம் அல்ல, புன்செய்க் காடு. செட்டில் இல்லாதவளுக்குச் சீசனில் ஆள் கிடைக்காது. எங்கள் கொல்லையில் மண்ணை வரிசை வரிசையாக அணைத்துப் பார் கட்டித் தண்ணீர் பாய்ச்சியாகிவிட்டது. விதை வெங்காயம் வீட்டுக்குள்ளேயே முளைவிட ஆரம்பித்திருந்தது. அந்த வாரமே நான் செட்டில் சேர்ந்தாக வேண்டும்.

சேர்ந்த முதல் நாளே சொதப்பினேன். நாற்று நட்டுப் பழகிய கை. நெல்லுக்குச் செய்கிற மாதிரியே ஒரு குழிக்கு இரண்டு மூன்று வெங்காயத்தைச் சேர்த்து அமுக்கிக்கொண்டே போனேன். செட்டுக்குத் தலைவி என் சின்ன மாமியார். பாரைப் பார்த்ததும் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டார்.

“ஏண்டியம்மா, வெங்காயத்த வச்சுக் குடும்பம் நடத்துறியா? ஒரு குழிக்கு ஒரு காய்! இவ நமக்கு செட் ஆக மாட்டா, வூட்டுக்கு அனுப்புங்க.”

கொல்லையே சிரித்தது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தப்பைச் சொல்லட்டும், திருத்திக்கொள்கிறேன். துரத்துவதற்கு இவர் யார்?

அன்று சாயங்காலமே ஊருக்குள் கிளம்பினேன். செட் ஆகாது என்று ஒதுக்கப்பட்டவள் நான் ஒருத்திதானா என்ன? கைக்குழந்தைக்காரி ஒருத்தி, திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து திரும்பியவள் ஒருத்தி, வாய் ஓயாமல் பேசுகிறாள் என்று கழித்துவிடப்பட்டவள் ஒருத்தி. மறுநாள் விடிந்ததும் நாலு பேரும் எங்கள் கொல்லையில் இறங்கினோம். குழந்தை வேப்பமரத்து ஏணையில் தூங்கியது. ஒவ்வொரு பார் முடிந்ததும் ஒருத்தி ஊன்றியதை இன்னொருத்தி பார்த்துச் சரிசெய்தாள். வேலை மெதுவாகத்தான் போனது. ஆனால் காய் அழுகுவதற்குள் முடித்துவிட்டோம்!

பயிர் பாருக்குப் பார் நிமிர்ந்து நின்றது. வழியில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டு, அடுத்த விதைப்புப் பட்டத்துக்குத் தங்கள் கொல்லைக்கு வரச் சொல்லி இப்போதே கேட்டுவைத்தார்கள். அறுவடை முடிந்ததும் நாலு பேரும் ஒரே கலரில் செட் சேலை எடுத்துக் கட்டிக்கொண்டு சிறுவாச்சூர்க் கோயிலுக்குப் பஸ் ஏறினோம். என் வாழ்நாளில் அத்தனை திமிராக நான் நடந்ததே இல்லை.

கோயில் வாசலில் சின்ன மாமியார் தனியாக நின்றிருந்தார். ஆளாளுக்குச் சண்டை போட்டு அவர் செட்டு உடைந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

“உங்க செட்டுல ஒரு ஆளுக்கு எடம் இருக்குமா?”

“தாராளமா வாங்க அத்தை. ஒரு குழிக்கு ஒரு காய், அவ்ளோதான்.”

அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் முந்தானையைப் பிடித்துத் தடவிப் பார்த்தார்.

“இதே கலரு இன்னும் கடையில கெடக்குமாடி?” என்றார்.