ஒன்பது கஜத்தோடு ஸ்ரீரங்கம்

போன ஆவணியில் முதல் முறையாகத் தனியாக ஸ்ரீரங்கம் போனேன். சாமி கும்பிட இல்லை. என் பையில் நான் தைத்த மடிசார் ஒன்று இருந்தது. கட்டத் தெரியாதவர்கள் அப்படியே மாட்டிக்கொள்ளும்படி ஒன்பது கஜப் புடவையை மடிப்பு வைத்துத் தைத்திருந்தேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்ட பிறகு தையல்தான் என் வேலை. போனில் என் படங்களைப் பார்த்த ஸ்ரீரங்கத்து ஐயங்கார் மாமி ஒருவர், தன் பெண் வைதேகியின் சீமந்தத்துக்காகத் தன் பழைய அரக்குப் பட்டைக் கொடுத்தனுப்பியிருந்தார். வயிற்றின் அளவு மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் கடைசி வாரத்தில்தான் புடவை என் கைக்கு வந்தது. வெளியூரிலிருந்து எனக்கு வந்த முதல் வேலை அது. அன்று பத்தரை மணிக்குச் சீமந்தம்.

உப்பிலியபுரத்தில் காலை ஆறு மணி பஸ். துறையூர் வழியாக இரண்டு மணி நேரம், ஐம்பது ரூபாய்க்குள் டிக்கெட். ஸ்ரீரங்கம் மட்டும் போகிறவர்கள் சத்திரம் பஸ் நிலையம் வரை போக வேண்டாம். திருவானைக்காவலில் இறங்கினால் டவுன் பஸ் கிடைக்கும். பெண்களுக்கு அதில் காசு இல்லை.

ராஜகோபுரத்தைத் தாண்டி நடக்கும்போது, எதிரே மடிசார் கட்டிய ஒரு மாமி வந்தார். தொழில் பழக்கத்தில் மடிப்பைப் பார்த்தேன். முந்தானை இடது தோளில் இருந்தது. அடுத்து வந்தவருக்கும் இடது. மூன்றாவதாக வந்தவருக்கும் இடது. நான் வீடியோ பார்த்துக் கற்றது வலது தோள். பையிலிருந்ததும் வலது.

எனக்குப் புதியவர்களிடம் பேச வராது. கடையில் சில்லறை குறைந்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுவேன். அன்று வேறு வழியில்லாமல் பூக்கார அக்காவிடம் கேட்டேன்.

"ஐயங்கார் வீட்டுல இடது, ஐயர் வீட்டுல வலது. இதுகூடத் தெரியாமயா தைச்ச?" என்று சிரித்தவர், "அழாத பாப்பா, அந்த முக்குல ஒரு டெய்லர் இருக்கா, ஓடு" என்றார்.

மும்தாஜ் அக்கா அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். நான் சொன்னதை இரண்டு முறை கேட்டார். என் குரல் அப்படி.

"உப்பிலியபுரத்துப் பொண்ணு, ஸ்ரீரங்கத்து மடிசார், பாய் வீட்டு மெஷின். நல்லாத்தான் இருக்கு. உள்ள வா. ஆனா எனக்குச் சுடிதார் வரும், புர்கா வரும், இது வராது. நீ சொல்லு, நான் புடிக்கிறேன்."

பிளவுஸ் வாங்க வந்திருந்தார் பாலக்கரை ஸ்டெல்லா டீச்சர். சர்ச்சில் பூசைக்கு நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டே கைப்பையை வைத்துவிட்டு மறுமுனையைப் பிடித்தார்.

இடுப்புத் தையலையும் முந்தானையையும் பிரித்து, மடிப்புகளைத் திசை மாற்ற வேண்டும். பழைய பட்டு, ஊசி இழுத்தால் கிழியும். ஒன்பது கஜம் கடை வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது.

"டீச்சர், மேல தூக்குங்க! அக்கா, நீங்க விடாதீங்க!" என்று யாரோ கத்தினார்கள். நான்தான்.

"அடியம்மா, என் கிளாஸ்லகூட நான் இப்படிக் கத்துனதில்ல" என்றார் டீச்சர்.

தைத்து முடித்தாலும், ஒருவர் கட்டி நடக்காமல் மடிசாரின் கால் பிரிவு சரியா என்று தெரியாது. நாடாவை இறுக்கி, சுடிதாருக்கு மேலே நானே மாட்டிக்கொண்டேன். வாசல் வரை போய்த் திரும்பினேன். தெருவில் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள்.

"நட மாமி, நட!" என்றார் மும்தாஜ் அக்கா. "மாஷா அல்லாஹ், ஒரு இழைகூட விலகல."

காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். பத்து மணிக்கு மாமி வீட்டுப் படியேறினேன்.

வைதேகி அக்கா மாட்டிக்கொண்டு, கையில் வளையல் குலுங்கக் கூடத்துக்கு வந்தார். தன் பட்டைப் பெண்ணின் உடம்பில் பார்த்த மாமி அவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு முந்தானையைத் தடவி, "என்ன நன்னா விழுந்திருக்கு! எங்காத்து வழக்கம் உனக்கு யாருடி சொன்னா?" என்றார்.

மறைக்கத் தோன்றவில்லை. பூக்கார அக்காவிலிருந்து டீச்சர் வரை எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் பயம் வந்தது. மாமி விழுந்து விழுந்து சிரித்தார்.

"மும்தாஜா? இதோ நான் போட்டிருக்கேனே, இந்த ரவிக்கையும் அவ தைச்சதுதான். போறச்சே அவளுக்கும் பட்சணம் எடுத்துண்டு போ. டீச்சருக்கும் வச்சுத் தரேன்."

பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த மாமியின் தங்கை, தன் மருமகளுக்கும் ஒன்று தைத்துத் தரக் கேட்டார். "அவா ஐயராத்துப் பொண்ணு" என்றார். சரி, வலது தோள் என்று நானே சத்தமாகச் சொன்னேன். பந்தியே திரும்பிப் பார்த்தது. நான் தலையைக் குனிந்துகொள்ளவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. காலை எட்டு மணிக்குள் போய்விட்டால் சித்திரை வீதிகளில் நிம்மதியாக நடக்கலாம். வெயிலில் கல் சுடும். செருப்பு விடும் இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வழி தெரியாவிட்டால் போனைப் பார்க்காமல் ஆளைக் கேளுங்கள். கேலி செய்துகொண்டே கூட வந்து காட்டுவார்கள், அந்த ஊர் அப்படி. மலைக்கோட்டையை நான் பஸ் ஜன்னலில்கூடப் பார்க்கவில்லை. அதில் வருத்தமே இல்லை, தைக்கப் புது வேலையோடு அல்லவா திரும்பினேன்! மடிசார் தேவைப்படுகிறவர்கள் கீழே எழுதுங்கள். அளவோடு தோளையும் சொல்லிவிடுங்கள்.