பின்சக்கரத்துக்குத் தேங்காயெண்ணெய்

பூதப்பாண்டி கால்வாய் ஆபீசில் வெள்ளைக்காரத் துரையின் மோட்டார் சைக்கிளைக் கழுவ ஒருவர் இருந்தார். நெட்டையான ஆள், நரைத்த கிருதா. உழவுமாடுகள் நோயில் செத்தபின் அவருக்குக் கிடைத்த ஒரே வேலை அது. பின்சக்கரத்தில் அப்பிய சேற்றையும் மசகையும் தேங்காய்த் தும்பும் சாம்பலும் கொண்டு தேய்ப்பார். சக்கரத்தைத் திருப்பும்போது, மாட்டிடம் சொல்வது போல, "கால மாத்து" என்பார்.

ஒருநாள் தேய்த்து முடித்து, சக்கர விளிம்பில் தேங்காயெண்ணெய் பூசினார்.

"இது எதுக்கு அண்ணாச்சி?" என்று ஆபீஸ் குமாஸ்தாவான நான் கேட்டேன்.

"காளையக் குளுப்பாட்டினா கொம்புக்கு எண்ணெ தேய்க்காண்டாமா மக்கா?"

நானும் சிரித்தேன்.

பிரேக் கட்டை அழுந்த வேண்டிய இடம் அந்த விளிம்புதான். மறுநாள் காலை இறக்கத்தில் பிரேக் வழுக்கி, துரை வண்டியோடு கால்வாயில் விழுந்தார். நனைந்த உடையோடு வண்டியை உருட்டிக்கொண்டு வந்தவர், "இனி வர வேண்டாமென்று அவனிடம் சொல்" என்று என்னிடம் இங்கிலீஷில் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எங்கள் குடும்பத்தில் இங்கிலீஷ் படித்த முதல் ஆள் நான். எண்ணெய் பூசும்போது நானும் பக்கத்தில் நின்று சிரித்தேன் என்று சொல்ல அந்த இங்கிலீஷ் வாயில் வரவில்லை. துரை சொன்னதை மட்டும் தமிழில் சொன்னேன்.

அண்ணாச்சி வண்டியைப் பார்த்தார்.

"பின்சக்கரம் பூரா சகதியாட்டு கெடக்கே. எண்ணெ தேய்க்க மாட்டேன். தொடச்சிட்டுப் போவட்டான்னு தொரைட்ட ஒரு வார்த்த கேளு மக்கா."

துரையின் கதவு திறந்துதான் இருந்தது. நான் அசையவில்லை. தும்பைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் என் வாயையே பார்த்து நின்றார்.