சாயாத தலை தேடிச் சீகிரியாவுக்கு

காலை 5.40, மாத்தளை பஸ் நிலையம். தோளில் ட்ரைபாட், பையில் கேமரா, வயிற்றில் ஒன்றுமில்லை. ஒரு தலை வாங்கப் புறப்பட்டேன். தலை என்றால் ட்ரைபாடின் உச்சியில் இருக்கும் பால் ஹெட்: ஓர் உருண்டை, அதை இறுக்க ஒரு திருகு. கேமராவை எப்படித் திருப்பி இறுக்கினாலும் அப்படியே நிற்க வேண்டும். என்னுடையது நிற்காது. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்பாளாம்; என் விஷயத்தில் மேடை நிஜமாகவே கோணல். பத்து வருடமாகக் கல்யாண வீடுகளில் இடது கையால் தாங்கிப் பிடித்தே பிழைத்துவிட்டேன்.

இம்முறை அது நடக்கவில்லை. என் அக்கா செல்வி ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டின் தொங்கல் காம்பராவில், அதாவது கடைசி அறையில் இருக்கிறாள். லயத்துக்குப் பின்னால் மண்மலை. மழைக்குப் பிறகு அதில் வெடிப்பு விழுந்து, எட்டுக் குடும்பமும் பள்ளிக்கூடத்தில் படுத்திருந்தது. வெடிப்பின் ஓரத்துப் பலாமரம் சாய்ந்து வருகிறது என்றாள் அக்கா. எதிர்ப்பக்க மதகில் ட்ரைபாடை வைத்து, மூன்று வாரம், கிழமைக்கு ஒன்றாக மூன்று படம் எடுத்துக் கொடுத்தேன். மண்சரிவு அபாயம் பார்க்க வந்த அதிகாரி மூன்றையும் வரிசையாக வைத்தார்.

"மரம் மட்டுமா சாஞ்சிருக்கு? பின்னால தூரத்துப் பாறையும் சாஞ்சிருக்கே. உங்க கேமராதான் சாஞ்சிருக்கு தம்பி. சரியா எடுத்துட்டு வாங்க."

அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் "கேமராதான் சாஞ்சிச்சாம்" என்ற பேச்சு லயம் முழுக்கப் பரவி, எல்லாரும் காம்பராக்களுக்குத் திரும்பிவிட்டார்கள். இப்போது நிம்மதியாகத் தூங்குகிறார்கள். எனக்குத்தான் தூக்கமில்லை.

6.30, நாலந்தா. இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர். நடத்துனர் ட்ரைபாடைக் காலால் தள்ளினார். "மூனு காலு வச்சிருக்கீங்க, மூனு டிக்கட் எடுங்க." பஸ் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

7.25, தம்புள்ளை. மரக்கறிச் சந்தைக்கு வரும் லொறிகள் வீதியை அடைத்துக்கொண்டு நின்றன. கரட் மூட்டைகளில் மலைநாட்டுச் சேறு இன்னும் காயவில்லை. எங்கே பார்த்தாலும் எனக்கு மண்தான் கண்ணில் படுகிறது. சீகிரியா பஸ் பிடித்தேன்.

8.40, சீகிரியா. சுற்றுலா ஜீப் ஓட்டும் நஸீர் நானாவிடம் ஒரு தலை விற்பனைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டுத்தான் வந்தேன்; அவர் வீட்டு வாசலில் அது ஒரு பழைய துணியில் சுற்றி இருந்தது. கனத்தது.

"வெள்ளக்காரன் ஒருத்தன் யானயப் படம் எடுக்கக் கொண்டுவந்தது. போற நேரம் என்கிட்ட வித்துட்டுப் போனான். இப்ப எல்லாருக்கும் ட்ரோன். தல எவனுக்கு வேணும்?"

பெரிய லென்ஸை மாட்டி, சீகிரியாப் பாறையின் இடது மூலையைத் திரையிலிருந்த கோட்டில் நிறுத்தி இறுக்கினேன். இரண்டு பிளேன்டீ குடித்தோம். நாற்பது நிமிடம் கழித்தும் மூலை கோட்டிலேயே இருந்தது.

"பாறையும் அசையல்ல, தலயும் அசையல்ல. இன்னும் என்ன தம்பி வேணும்?"

"தல அசையலன்னாதான் பயம் நானா" என்று விஷயத்தைச் சொன்னேன். இருபத்திரண்டாயிரம் சொன்னவர் பதினெட்டாயிரம் போதும் என்றார். "அல்லாஹ் காப்பாத்தணும். சுருக்கா போங்க."

பிற்பகல் 2.45, மதகு. தூறல். தூரத்துப் பாறையைக் கோட்டில் நிறுத்தி முதல் படம். குடையைக் கேமராவுக்குப் பிடித்துக்கொண்டு நான் நனைந்தேன். 5.15க்கு இரண்டாவது. பாறை கோட்டில் அசையாமல் இருந்தது. பலாமரத்தின் உச்சி விலகியிருந்தது. திருகைத் தொட்டுப் பார்த்தேன், இறுக்கமாகவே இருந்தது. வாங்கிய பொருள் பழுதாக இருக்கக் கூடாதா என்று வாழ்நாளில் முதல்முறையாக ஏங்கினேன்.

அக்கா தேத்தண்ணியோடு வந்தாள். "என்னடா மூஞ்சி இப்படி இருக்கு? புதுத் தலையும் சாயுதா?"

"இல்லக்கா."

இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிக் காட்டினேன். கோப்பையை மதகில் வைத்துவிட்டு ஓடினாள். "எல்லாரும் வெளிய வாங்க! பிள்ளைகளத் தூக்குங்க!" கதவு கதவாக அவள் தட்டும் சத்தம் மதகு வரை கேட்டது. அதிகாரிக்குப் படங்களை அனுப்பி அழைத்தேன். "ஆளுங்கள ஒடனே எறக்குங்க, நான் வாறேன்" என்றார். இம்முறை கேமராவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

6.10. எட்டுக் குடும்பமும் மூட்டைகளோடு மதகுப் பக்கம் வந்துவிட்டது. இன்று நான் மாத்தளையில் என் கட்டிலில் தலை சாய்ப்பேன். இவர்களுக்கு மறுபடியும் பள்ளிக்கூடத்துச் சீமெந்துத் தரை. எத்தனை நாளைக்கு என்று யாருக்கும் தெரியாது. அக்கா கடைசியாக வந்தாள். காம்பராவைப் பூட்டி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, சாவியை முந்தானையில் முடிந்திருந்தாள்.

கேமராவைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, ட்ரைபாடை மடக்கக் குனிந்தேன்.

"இருக்கட்டும்டா" என்றாள் அக்கா, திரும்பி மலையைப் பார்க்காமல். "அது ஒண்ணாவது நிக்கட்டும்."